உப்பு வேற, நார்த்தங்காய் வேற

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தாரு. பேரு சொர்ணலிங்கம். காலை உதைக்காதடி, போர்வை கீழ போகுது பாரு. பெரியம்மா சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா கதைய நிறுத்திருவேன்.

சொர்ணலிங்கம் பஸ்ஸுக் கம்பியவே பிடிக்க மாட்டாரு. வண்டி இப்படிச் சாயும், அப்படிச் சாயும், டமடமன்னு பள்ளத்துல குதிக்கும். அவரு நட்ட கல்லாட்டம் நின்னு டிக்கெட் கிழிப்பாரு. அப்படிப்பட்ட மனுசனுக்கு ஒரு நாளு கிர்ர்ர்னு தலை சுத்துச்சு. காதுக்குள்ள ஙொய்ய்னு ஒரு சத்தம். தொம்முன்னு போயி ஒரு வாத்தியாரு மடியில விழுந்தாரு.

அப்புறம் அது அடிக்கடி வந்துச்சு. முதலாளி கூப்பிட்டு, "இன்னும் ஒரு தடவை விழுந்தீன்னா வண்டியில ஏறாத. ஷெட்டுல உக்காந்து வண்டி கழுவு"ன்னுட்டாரு. சொர்ணலிங்கத்துக்கு அழுகையே வந்துருச்சு. ஓடுற பஸ்ஸு இல்லேன்னா அவருக்கு சோறு எறங்காது. ம்? முழிச்சுட்டுதான் இருக்கியா?

அப்போ அவரு பொண்டாட்டி செண்பகவல்லி அவர தரதரன்னு காது டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனா. "சுத்துறது தலை, காது டாக்டரு எதுக்கு?"ன்னாரு. எதுக்குன்னு கேக்கத் தெரியுதுல்ல, டாக்டரு சொன்னபடி நடக்கத் தெரியணுமே!

டாக்டரம்மா சொன்னாங்க: "உள்காதுல நீர் சேருது, அதான் சுத்துது. ரத்தத்துல ஒரு சத்தும் கம்மியா இருக்கு. இந்த ரெண்டு மாத்திரையும் விடாமப் போடுங்க. உப்பை நல்லாக் குறைங்க."

அம்புட்டுத்தான். ஆனா நம்ம ஊர்ல தலை சுத்துதுன்னு மட்டும் வெளிய சொல்லிரக் கூடாதுடி. பஸ்ஸுல ஏறுறவன் பூரா வைத்தியன்.

முதல்ல கீரைக்காரம்மா வந்தா. "தம்பி, இது பித்தம். வெறும் வயித்துல வாழைத்தண்டுச் சாறு குடி"ன்னா. சொர்ணலிங்கம் மடக்கு மடக்குன்னு குடிச்சாரு. அப்புறம் என்ன, பாதி வழியில விசில் அடிச்சு வண்டிய நிறுத்திட்டு, புதருக்குப் பின்னால ஓடினாரு! சிரிக்காத, கேளு.

ரெண்டாவதா டை கட்டின ஒருத்தன் வந்தான். "அண்ணே, இது நரம்புத் தளர்ச்சி. நம்ம பவுடர் டப்பா ஒண்ணு போதும்"னான். கலக்கிக் குடிச்சாரு. ஏவ்... ஏவ்...ன்னு நாள் பூரா ஏப்பம். டிக்கெட் கேட்டா ஏப்பம், சில்லறை குடுத்தா ஏப்பம். தலை சுத்துறது மட்டும் நிக்கல.

மூணாவதா ஒரு பூக்காரம்மா. "அய்யோ பாவம், பித்தந்தான்பா. வாயில ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் அதக்கிக்க"ன்னு குடுத்தா. ஆகா! குமட்டல் சட்டுனு அடங்குச்சு. வீட்டுல உப்பில்லாச் சோறு தின்னு செத்துக் கெடந்த நாக்கு எழுந்து உக்காந்துச்சு. அப்புறம் அவரு சட்டைப் பையில எப்பவும் நார்த்தங்காய்ப் பொட்டலந்தான். தலை சுத்தினா ஒரு துண்டு. சுத்துமோன்னு பயந்தா ஒரு துண்டு. அது என்னமோ, நார்த்தங்காய் ஏற ஏற சுத்தலும் ஏறுச்சு. ஏன்? உனக்கே தெரியுது பாரு, அவருக்குத் தெரியல!

அப்போ புருசனும் பொண்டாட்டியும் மறுபடியும் டாக்டரம்மாகிட்ட போனாங்க. "உப்பைக் குறைச்சீங்களா?"

"நாக்குல வைக்கிறதே இல்லீங்க"ன்னாரு. சொல்லும்போதே கிர்ர்ர்னுச்சு. கை தன்னால பைக்குள்ள போயி, ஒரு துண்ட எடுத்து வாயில போட்டுச்சு.

"என்னது அது?"

"நார்த்தங்காய்ங்க. பித்தத்துக்கு."

"அதை எதுல ஊறப் போடுறாங்க?"

"உப்புலங்க."

டாக்டரம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "அப்ப அது உப்புதானேய்யா!"

"இல்லீங்க, உப்பு வேற, நார்த்தங்காய் வேற"ன்னாரு பாரு, அந்தப் புண்ணியவான்! அப்பளம், வடகம், மோர் மிளகாய் எல்லாமே உப்புதான்னு டாக்டரம்மா வெரல் விட்டு எண்ணிச் சொன்னாங்க. அந்தப் பவுடரயும் தூக்கிப் போடச் சொன்னாங்க.

செண்பகவல்லி வீட்டுக்கு வந்துதான் வெடிச்சா. "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னா ஆக்குனேன்? ஒரே சட்டி. நீங்க பாத்து ஏங்கக் கூடாதுன்னு அந்தச் சப்புக் குழம்பத்தானே நானும் தின்னேன்! ஊறுகாய் ஜாடியக்கூட அடுத்த வீட்டுல குடுத்துட்டேன். நீங்க பையில பொட்டலம் வச்சுட்டுத் திரியிறீங்க!"

இத்தனை நாளும் பக்கத்துல உக்காந்து அவ என்னத்த தின்னான்னு சொர்ணலிங்கம் பாத்ததே இல்ல.

அப்புறம் மாத்திரைய ஒழுங்காப் போட்டாரு, உப்பை நெசமாவே விட்டாரு. சுத்தல் அடியோட போச்சான்னு கேக்காத. கதைன்னாலும் பொய் சொல்லக் கூடாது. அப்பப்ப வரும், கொஞ்சம் உக்காந்தா போயிரும். ஆனா விழல. முதலாளியும் வண்டிய விட்டு எறக்கல.

ஆனா அவ வெடிச்ச அன்னிக்கு ராத்திரியே அவரு ஒண்ணு பண்ணாரு. அந்தப் பொட்டலத்தப் பிரிச்சு செண்பகவல்லி தட்டுல வச்சாரு. "உனக்கு என்ன, காதா கெட்டுப் போச்சு? நீ தொட்டுக்க"ன்னாரு. அவ ஒரு கடி கடிச்சா. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுச்சு.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, புளிப்பு"ன்னா.

ம்? ம் எங்கடி? சரி சரி, கடைசி பஸ்ஸும் போயாச்சு, கதையும் எறங்கியாச்சு, கண்ண மூடு.