மணல்திட்டுல ஏறின கொள்ளைக் கப்பல்

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு தோணிக்காரன் இருந்தான். பேரு கயித்தான். அரிசியும் துணியும் ஏத்திக்கிட்டு இலங்கைக்குப் போவான், பாக்கு ஏத்திக்கிட்டு வருவான். கூட யாரு? அவன் பொண்டாட்டியோட தம்பி சூசை. ம் சொல்லு தங்கம், அப்பத்தான் தோணி நகரும்.

ஆங், நகந்துடுச்சு.

அது வெள்ளைக்காரங்க நம்ம கடலோரத்துல கோட்டை கட்டி வியாபாரம் பண்ணின காலம். அவங்க கப்பல்ல வேலை பாக்குற ஆளுங்களுக்குப் புழு வச்ச ரொட்டியும் சவுக்கடியும்தான். பொறுக்க முடியாம சில பேரு என்ன பண்ணாங்க, கப்பலையே பறிச்சுக்கிட்டுக் கொள்ளையடிக்கக் கிளம்பிட்டாங்க. கப்பல், தோணி எதையும் விடல.

அப்படி ஒரு கொள்ளைக் கப்பல் கயித்தான் தோணிக்கு எதிர்ல வந்துச்சு. டமார்! ஒரு குண்டு பக்கத்துத் தண்ணியில விழுந்துச்சு. தோணி ஆடுது, பாய் படபடன்னு அடிச்சுக்குது. அப்புறம் என்ன, ரெண்டு பேரையும் பிடிச்சுக் கப்பல்ல ஏத்திட்டாங்க. தோணியைக் கயித்துல கட்டிப் பின்னாடி இழுத்துக்கிட்டாங்க.

கப்பல் தலைவன் செம்பட்டைத் தாடிக்காரன். அவன் பேசுறதைத் தமிழ்ல சொல்ல கோரன்னு ஒரு கொச்சிக்காரன் இருந்தான். கோரன் சொன்னான், "முத்துக் குளிக்கிற படகெல்லாம் நிக்கிற எடத்துக்கு வழி காட்டணுமாம்."

கயித்தானுக்கு அந்த எடம் நல்லாத் தெரியும். அந்தப் படகுங்கள்ல இருக்கிறது அவன் ஊர்க்காரங்க. மாமனாரும் இருக்காரு. யாருகிட்டயும் ஒரு துப்பாக்கி கூடக் கெடையாது.

"எனக்குத் தெரியாதுங்க"ன்னான்.

அப்போ தாடிக்காரன் ஒரு செவப்பு வெல்வெட் சட்டையைக் கொண்டாந்து அவன் மடியில போட்டான், வழி காட்டினா உனக்குத்தான்னு. கயித்தான் தடவிப் பாத்தான், பூனைக்குட்டி மாதிரி மெத்துன்னு இருக்கு. அப்படியே மடிச்சுத் திருப்பிக் குடுத்தான். "நம்ம ஊரு வெயிலுக்கு இது ஆகாதுங்க."

தாடிக்காரனுக்குக் கோவம் வந்துச்சு. கயித்தானைப் பாய்மரத்துல கட்டி வச்சுட்டான். சுள்ளுன்னு வெயில். சொட்டுத் தண்ணி குடுக்கல. எதிர்லயே நின்னு மடக்கு மடக்குன்னு அவன் மட்டும் குடிச்சான். கயித்தானுக்கு நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு, பேச்சு வரல. தலையை மட்டும் ஆட்டினான், மாட்டேன்னு.

ம்?

அப்புறம் மறுநாள் காலையில சூசை இடுப்புல கயித்தைக் கட்டிக் கடல்ல எறக்கினாங்க. தொளக்! மூக்கு வரைக்கும் தண்ணி. தூக்கினாங்க. மறுபடி தொளக்!

"அத்தான், சொல்லிடாத! அங்க அப்பா இருக்காரு!"ன்னு கத்துறான் சூசை.

கயித்தானுக்குத் தாங்கல. கடலைப் பாத்தான். தண்ணி நல்லா ஏறி, அசையாம நிக்குது. இனிமே வத்தத்தான் போகுது.

"அவனைத் தூக்குங்க. நான் வழி காட்டுறேன்."

மேல வந்த சூசை அத்தான் மொகத்தைக் கூடப் பாக்கல. அதுதான் கயித்தானுக்கு வெயிலை விடச் சுட்டுச்சு. மனசுல இருக்கிறதை வாயைத் தொறந்து சொல்ல முடியுமா? சுத்தி நிக்கிறாங்களே.

கட்டை அவுத்து விட்டதும் கயித்தான் சுக்கானைப் பிடிச்சான். கப்பல் சலசலன்னு போகுது, போகுது... கர்ர்ர்ரக்! தண்ணிக்கு அடியில, கயித்தானுக்குத் தெரிஞ்ச மணல்திட்டுல ஏறி நின்னுடுச்சு. தண்ணி வத்த வத்த ஒருபக்கமா சாயுது. பீரங்கியெல்லாம் கடகடகடன்னு உருண்டு, தடால்! தண்ணிப் பீப்பாயெல்லாம் ஒடைஞ்சுது, சின்னப் படகும் நொறுங்கிடுச்சு. அந்தக் களேபரத்துல, "குதிடா மச்சான்!" ரெண்டு பேரும் கடல்ல. தோணிக்கயித்தை அறுத்துக்கிட்டுப் போயே போயிட்டாங்க. தோணிக்கு முழங்கால் தண்ணி போதுமே. சூசை அத்தான் கையை விடவே இல்ல.

முத்துப் படகுக்கெல்லாம் தகவல் சொல்லி, எல்லாரும் வீடு வந்து சேந்தாங்க. கயித்தான் பொண்டாட்டி மதலேனா சோறு போட்டா. அவனுக்கு எறங்கல.

"என்ன யோசனை?"

"அந்தக் கப்பல்ல குடிக்கத் தண்ணி இல்ல, மதலேனா."

அவ எழுந்து போய்க் குடத்தைக் கழுவ ஆரம்பிச்சா. அதைப் பாத்துட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்களும் குடம் எடுத்தாங்க.

படகுங்கள்ல குடங்குடமா தண்ணியோட போனாங்க. கொஞ்சம் தள்ளியே நின்னு கயித்தான் கூப்பிட்டான், "பீரங்கி, துப்பாக்கி எல்லாத்தையும் கடல்ல போடுங்க. அப்புறம் தண்ணி."

தாடிக்காரன் மாட்டேன்னான். அவன் ஆளுங்க கேக்கல. தொபுக்! தொபுக்! ஒவ்வொண்ணா போட்டாங்க. கடைசியில தாடிக்காரனும் இடுப்புக் கத்தியை அவுத்து வீசினான். குடத்தைத் தூக்கிக் களக் களக்னு குடிச்சு, தாடியெல்லாம் நனைஞ்சுபோய், என்னமோ கேட்டான்.

"எங்களுக்கு எதுக்குத் தண்ணி குடுக்குறீங்கன்னு கேக்குறாரு"ன்னான் கோரன்.

"முதல்ல குடிக்கச் சொல்லு"ன்னான் கயித்தான்.

பாரம் போனதும் கப்பல் லேசாச்சு. மறுபடி தண்ணி ஏறினப்போ மெல்ல மெல்ல மிதந்து, தெக்க போயி, கண்ணுக்கு மறைஞ்சுது. கோரன் மட்டும் போகல. "நானும் கரைக்கு வரட்டுமா?"ன்னு கேட்டான். சூசை கை குடுத்துப் படகுல ஏத்திக்கிட்டான்.

மதலேனா அவனுக்குக் கஞ்சி குடுத்தா. எத்தனையோ வருஷமா ஆடுற பலகையில படுத்தவன், கஞ்சியைக் குடிச்சுட்டு, ஆடாத தரையைக் கையால தடவித் தடவிப் பாத்தான். அப்படியே சாஞ்சு தூங்கிட்டான். யாரும் எழுப்பல.

ம்... சத்தத்தையே காணோமே. சரி, கதை கரை சேந்தாச்சு. நீயும் தூங்கு, தங்கம்.