தொட்டா பெருசாகணும்

ரயில் நிற்காமல் போகிற ஊர்களில் கூழையன்குளமும் ஒன்று. ஏன் நிற்பதில்லை என்று அந்த ஊர் மின்னல் ஸ்டூடியோவில் போய்க் கேட்டால், "யாரும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டாவ" என்று பதில் வரும். பதில் சொல்கிறவர்கள் மூன்று பேர். கேமரா பிடிக்கும் ஆவுடையப்பன், லைட் பிடிக்கும் உய்க்காட்டான், இந்த இரண்டு பேரும் ஏறி நிற்கிற ஸ்டூலைப் பிடிக்கும் பிச்சாண்டி. மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான்.

ஆவுடையப்பனுக்குக் கல்யாண ஆசை வந்தது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவால். உரக்கடை சிவனணைஞ்ச பெருமாளின் இளைய மகள் கோமதி, பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்திருந்தாள். "கண்ணை மூடிராதீங்க" என்றான் ஆவுடையப்பன். அவள் மூடவில்லை. படம் எடுத்து முடித்து, தெருவைக் கடந்து, வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகும் மூடவில்லை. மறுநாள் காலையில் கண் இரண்டும் சிவந்துபோய் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று, "இனிமே மூடிக்கிடலாமா?" என்று கேட்டாள்.

இப்படி ஒரு பெண் தனக்கென்றே பிறந்திருக்கிறாள் என்று ஆவுடையப்பனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோனது. இந்த ஒரு விஷயத்தில் அவன் கணக்குத் தப்பவில்லை.

பெண் கேட்டுப் போனான். சிவனணைஞ்ச பெருமாள் வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "மூத்த மருமகன் திரவியம் சிங்கப்பூர்ல இருக்காரு. அவரு சரின்னா எனக்கும் சரி. ஆனா கோவில்பட்டியில ஒரு செல்போன் கடைக்காரரும் கேட்டு விட்டுருக்காரு. அவருக்கு வெப்சைட்டு இருக்காம். நீரும் எடுத்த போட்டோவையெல்லாம் ஒரு வெப்சைட்ல போட்டு வையும். வெள்ளிக்கிழமை மருமகன்கிட்ட போன்ல காட்டுவோம். அவருக்குப் பிடிச்சா கோமதி உமக்கு. இல்லன்னா கோவில்பட்டிக்கு."

அன்று ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே கம்ப்யூட்டர் சென்டர் ஜெபசிங்கிடம் ஓடினான். ஜெபசிங் படித்த பையன், பொறுமைசாலி. அதற்காக அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

"வெப்சைட்டுக்கு முதல்ல ஒரு டெம்ப்ளேட் பாக்கணும் அண்ணாச்சி. ரெடிமேட் சட்டை மாதிரி. நூத்துக்கணக்குல கெடக்கும், நல்லதா ஒண்ணை எடுங்க. அதுல காலியா கட்டம் கட்டமா இருக்கும். கட்டத்துல உங்க போட்டோவைப் போடுங்க. தொட்டா படம் பெருசாகணும். பெருசாக நேரமானா நடுவுல ஒரு சக்கரம் சுத்தும், பயப்படாதீங்க. நீங்க கடையைப் பூட்டிட்டுப் போனாலும் வெப்சைட்டு ராப்பகலா முழிச்சிருக்கும். வேற ஒண்ணுமில்ல. எனக்கு நாகர்கோவில்ல மச்சினி கல்யாணம். சனிக்கிழமைதான் வருவேன்." டெம்ப்ளேட்டுகள் இருக்கிற இடத்தை ஆவுடையப்பனின் போனில் திறந்து கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

மூவரும் ஸ்டூடியோவுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்து போனைத் தரையில் வைத்தார்கள்.

முதல் டெம்ப்ளேட் முழுக்கக் கறுப்பு. "நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது" என்று உய்க்காட்டான் தள்ளிவிட்டான்.

இரண்டாவதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பனிமலைக்கு முன்னால் காபி குடித்துக்கொண்டிருந்தாள். பிச்சாண்டி வெகுநேரம் பார்த்தான். "நாம வந்ததுல இருந்து குடிக்கா. இன்னும் முடிக்கல. இந்தம்மா குடிச்சிட்டுப் போனப்புறம்தான் நம்ம படத்தை அங்க வைக்க முடியும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாது."

"கூப்பிட்டுச் சொல்லிப் பாப்பமா?" என்றான் ஆவுடையப்பன்.

"சாப்பிடுதவங்கள எழுப்பக் கூடாதுவே."

மூன்றாவதில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போயின. ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆடாம நில்லுங்க, ஆடாம நில்லுங்கன்னு கத்தி என் தொண்டையே போச்சு. கஷ்டப்பட்டு நிக்க வச்ச ஆளுகளை இது ஓட விடுது!"

நான்காவது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் போனில் ஒற்றை வரிசையாக இருந்தது, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பார்த்தால் மூன்று வரிசையாக நின்றது. மறுபடி போனைப் பார்த்தார்கள், ஒற்றை வரிசை. "ஆளுக்குத் தகுந்த மாதிரி வேஷம் போடுது" என்றான் உய்க்காட்டான். "சிங்கப்பூர்ல போயி எத்தனை வரிசையா நிக்குமோ, யாரு கண்டா?" நம்பிக்கைத் துரோகம் செய்யக்கூடிய டெம்ப்ளேட் என்று அதையும் கழித்தார்கள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. வெள்ளை வெளேரென்று, ஆள் இல்லாமல், காபி இல்லாமல், ஒன்பது கட்டம் மட்டும் காலியாக இருந்தது. வீடு பார்க்கப் போனவர்கள் போல மூன்று பேரும் மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"எடுத்தாச்சு. இனி இதை எங்க மாட்டுதது?" என்று கேட்டான் பிச்சாண்டி.

இங்கேதான் அவர்களுடைய தொழில் அனுபவம் கைகொடுத்தது. மின்னல் ஸ்டூடியோவில் தாஜ்மகால் திரை உண்டு, அருவித் திரை உண்டு, ஆகாய விமானத் திரையும் உண்டு. வருகிறவர் எதைக் கேட்டாலும் அதைத் திரையாக்கிச் சுவரில் தொங்கவிட்டு முன்னால் நிறுத்துவதுதான் அந்த ஸ்டூடியோவின் வழக்கம். திரை இல்லாமல் அங்கே ஒரு படமும் உண்டானதில்லை. ஆகவே டெம்ப்ளேட் என்பது வெப்சைட்டுக்கு உண்டான திரை என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகமே வரவில்லை.

டெம்ப்ளேட்டை ஃபிளெக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ச் சுவர் அளவுக்கு அடித்து வாங்கினார்கள். மூங்கில் கம்பில் கட்டி ஸ்டூடியோவுக்குக் குறுக்கே தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆவுடையப்பன் எடுத்ததில் நல்ல படமாகப் பார்த்து ஒட்டினார்கள். காதுகுத்து, வளைகாப்பு, சடங்கு, முதலாம் ஆண்டுப் பிறந்தநாள் என்று ஒன்பதும் நிறைந்தது.

"தொட்டா பெருசாகணும்னு சொன்னானே?" என்றான் உய்க்காட்டான்.

ஆவுடையப்பன் அதையும் யோசித்து வைத்திருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் மேலே நீளவாக்கில் பிளேடால் ஒரு கீறல் போட்டான். அதே ஒன்பது படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு உய்க்காட்டானிடம் கொடுத்துத் திரைக்குப் பின்னால் நிறுத்தினான். யாராவது படத்தைத் தொட்டால் அவன் பெரியதைக் கீறல் வழியாக நீட்ட வேண்டும். அவன் தேடி எடுக்க நேரமாகும் என்பதால், நடுவில் ஒரு ஓட்டை போட்டு, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி அதில் பொருத்தி, சுற்றுவதற்குப் பிச்சாண்டியை வைத்தான்.

"ராப்பகலா முழிச்சிருக்கணுமாம்" என்று நினைவுபடுத்தினான்.

"முறை போட்டுக்கிடுதோம்" என்றார்கள் இருவரும். அன்றிலிருந்து ஒருவன் தூங்கும்போது மற்றவன் முழித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை சிவனணைஞ்ச பெருமாள் கோமதியையும் அழைத்துக்கொண்டு வந்தார். திரையை மேலும் கீழும் பார்த்தார். வெப்சைட் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திரைப் பக்கம் திருப்பினார்.

"டிசைன் நீட்டா இருக்கு மாமா" என்றது திரவியத்தின் குரல். "அந்த வளைகாப்புப் படத்தைத் தொடுங்க."

பெருமாள் தொட்டார். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரைக்குப் பின்னால் காகிதம் சரசரத்தது.

"லோடு ஆக ரொம்ப நேரம் எடுக்கே. என் போன் பழசு, அதான்" என்றார் திரவியம்.

கடைசியில் படம் வெளியே வந்தது. பளிச்சென்று இருந்தது, ஓரத்தில் உய்க்காட்டானின் கட்டைவிரலோடு.

"லைக் போடுத வசதியும் இருக்கு! நல்லாச் செஞ்சிருக்காவ. இன்னும் கீழ என்ன இருக்குன்னு பாப்போம், கீழ இழுங்க மாமா."

பெருமாள் இழுத்தார். உரமூட்டை தூக்கிப் பழகிய கை. மூங்கில் கம்பு, திரை, ஒன்பது படம் எல்லாம் சேர்ந்து தடாலென்று அவர் காலடியில் விழுந்தன. பின்னால் உய்க்காட்டான் பெரிய படங்களை அணைத்துக்கொண்டு நின்றான். பிச்சாண்டி சக்கரத்தைக் கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆவுடையப்பனின் கண்முன் கோவில்பட்டி செல்போன் கடைக்காரர் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார். எல்லாம் போச்சு என்று நினைத்தான். கோமதியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் திரவியம் மெதுவாகக் கேட்டார். "மாமா, அந்த ரெண்டு பேரும் எப்பவும் உள்ளயேவா இருக்காவ?"

"ராப்பகலா இருக்கோம்" என்றான் உய்க்காட்டான்.

"நம்பவே முடியல! இங்க எங்க கம்பெனி வெப்சைட்ல ஒரு கோளாறுன்னா கேக்க ஒரு ஆளு கெடையாது. ஒரு நாள் பூரா போன் போட்டாலும் எடுக்க மாட்டான். இவரு உள்ளயே ஆளு போட்டு நடத்துதாரு. கோமதியைக் கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம் மாமா. லோடு ஆகுததுதான் லேட்டு. அது என் போன் கோளாறு, மாத்திருதேன்."

கோமதி உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஜெபசிங் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனசு கேட்காமல் தானே உட்கார்ந்து ஒரு நிஜ வெப்சைட் செய்து கொண்டுவந்து காட்டினான். ஆவுடையப்பன் போனை வாங்கிப் பார்த்தான். திருப்பி, பின்பக்கமும் பார்த்தான். அங்கே ஒரு ஆளும் இல்லை.

"முதல் தடவைதானே தம்பி" என்று தட்டிக்கொடுத்தான். "போகப் போகப் பழகிரும்."

கல்யாணம் அதே திரையோடுதான் நடந்தது. தாலி கட்டுவதை வெப்சைட்டில் போட வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டதால், நடுக் கட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஐயரும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கெட்டிமேளம் தொடங்கப்போன நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு அத்தை, பெண்ணின் நெற்றிச்சுட்டியைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று எழுந்துபோய்க் கட்டத்தைத் தொட்டுவிட்டாள்.

தொட்டால் பெரிதாக வேண்டும். ஆவுடையப்பன் தாலியைக் கையில் பிடித்தபடி எழுந்தான். கோமதியும் எழுந்தாள். ஆனால் சக்கரம் சுற்றி முடியாமல் வெளியே வர முடியாதே. பிச்சாண்டி சுற்றினான். மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி நின்றார். ஐயர் அட்சதையும் கையுமாகக் காத்திருந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த திரவியம், சக்கரத்தையே பார்த்தார். பையிலிருந்து புத்தம்புது போனை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார்.

"மாமா" என்றார் துக்கத்தோடு, "பழைய போனை அநியாயமா வித்துட்டேன். அதுல ஒரு கோளாறும் இல்ல. நேர்ல வந்து பாத்தாலும் இவ்வளவு நேரம்தான் ஆகுது."