சுவரில் முளைத்த தக்காளி

“என் படத்துல என்ன குறை மிஸ்? எல்லார் படத்தையும் கண்காட்சிக்கு எடுத்துக்கிட்டீங்க. என்னோடதை மட்டும் கவுத்துப் போட்டிருக்கீங்க.”

பியூலா கேட்டாள். தோளில் கேமரா, இடுப்பில் குழந்தை.

புகைப்படம் கற்றுத்தரும் அனீஸ் அவளைவிட இளையவள். ஆனாலும் பியூலாவுக்கு அவள் மிஸ்தான். கான்வென்ட்டில் படிந்த பழக்கம். அனீஸுக்கோ பியூலா அக்கா.

அனீஸ் படத்தை நிமிர்த்தினாள்.

காய்ந்த சுவர். அதில் ஒரு வெடிப்பு. வெடிப்பில் ஒரு தக்காளிச் செடி, மஞ்சள் பூவோடு. வேறொன்றும் இல்லை.

கீழே பியூலா தலைப்பு எழுதியிருந்தாள்: ‘யார் தயவும் இல்லாமல்.’

“இது எதைக் குடிச்சு உயிரோட இருக்கு அக்கா?”

“அதான் மிஸ் அதிசயமே! மண்ணு கிடையாது, மழை கிடையாது. வெறும் பிடிவாதம்.”

அனீஸ் செருப்பை மாட்டிக்கொண்டாள். “வாங்க, பார்த்துட்டு வரலாம்.”

கணவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து பியூலா குழந்தையை யார் கையிலும் கொடுத்ததில்லை. எதிர்வீட்டுக் கோமளா தினமும் வந்து, “கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன், நீ கண்ணை மூடு” என்பாள். நழுவ விட்டுவிட்டால்? பால் புரையேறிவிட்டால்? வேண்டாம் என்பாள் பியூலா. குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் செடியைக் கண்ட அன்றுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. இது பிழைத்தால் நாமும் பிழைத்துவிடுவோம். மனசுக்குள் அப்படி முடிந்துவைத்திருந்தாள்.

பல் டாக்டர் கிளினிக்கின் பின்சந்து.

செடி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இலைகள் சுருண்டிருந்தன. பூவைக் காணோம்.

பியூலா சுவரருகே ஓடினாள். “ஐயோ, அன்னிக்கு ஜம்முனு நின்னுச்சே!”

அனீஸ் செடியைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள்.

கிளினிக்கின் ஏ.சி. பெட்டி. அதன் தண்ணீர் வடியும் டியூபை யாரோ ஒருபக்கமாக இழுத்து ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கட்டியது ஒரு ரப்பர் பேண்டு, ஊதாப்பூ வைத்தது. தண்ணீர் தள்ளிப்போய்ச் சாக்கடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“பூ வெச்ச ரப்பர் பேண்டு. அழகா இருக்கே” என்றாள் அனீஸ்.

பியூலாவின் கை தானாகப் பின்னலுக்குப் போனது.

“என்னோடதுதான் மிஸ். டியூப் படத்துல அசிங்கமா விழுந்துச்சு. எடுத்து முடிச்சதும் அவுத்துவிடலாம்னுதான்… அதுக்குள்ள தோள்ல தூங்கிட்டிருந்த இவன் முழிச்சு வீல்னு கத்திட்டான்.”



பியூலா எக்கினாள். விரல் எட்டியது. ரப்பர் பேண்டு கம்பியைச் சுற்றி இறுகிக் கிடந்தது. ஒரு கையால் இழுத்தாள். இன்னும் இறுகியது. இடுப்பிலிருந்து குழந்தை நழுவப் பார்த்தான். பதறி அணைத்துக்கொண்டாள்.

மறுபடி எக்கினாள். மறுபடி இறங்கினாள்.

“நீங்க அவுத்துவிடுங்களேன் மிஸ்.”

“கட்டினது நீங்க.”

சொல்லிவிட்டு அனீஸ் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பியூலா அந்தக் கைகளைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள்.

“இடுப்பை நல்லாப் பிடிச்சுக்கணும். திமிறுவான்.”

“சரிக்கா.”

“மூக்கு ஒழுகினா…”

“தொடச்சு விடறேன்.”

“முடியைப் பிடிச்சு இழுப்பான்.”

“இழுக்கட்டும். முடிதானே.”

கொடுத்தாள்.

குழந்தை அனீஸின் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சொன்ன மாதிரியே முடியைப் பிடித்தான்.

இரண்டு கையும் வைத்ததும் ரப்பர் பேண்டு சட்டென்று கழன்றது. டியூப் ஆடி ஆடி, பழைய இடத்தில் வந்து நின்றது. வெடிப்பில் ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

பியூலா சும்மா நின்றாள். கைகள் லேசாக இருந்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் கேமராவை எடுத்தாள்.

கேமரா ஆடவில்லை.

“படத்துல டியூப் விழுமே அக்கா?” என்றாள் சுவரோரம் நின்ற அனீஸ்.

“விழட்டும்.”

“என் முழங்கை விழும். இவன் காலும் விழும். தள்ளி நிக்கட்டுமா?”

பியூலா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நகராதீங்க மிஸ்.”