காப்புக் கட்டிய கையோடு

விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு வாயைத் திறவுங்கள்.

அந்த ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் எல்லை தாண்டக் கூடாது. மூன்று வருடம் முன்பு, அப்படி ஒரு திருவிழாவில்தான் பதினான்கு வயது அழகுமீனாவுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம்; வீட்டில் எல்லார் கையிலும் காப்பு. சுக்குக் கஷாயத்திலேயே எட்டு நாளை ஓட்டினார்கள். தொண்டை சரியாயிற்று. எல்லாரும் அதை மறந்த பிறகு முட்டி வீங்கியது, அப்புறம் கணுக்கால், அதற்கப்புறம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தொண்டைக் கிருமியை எதிர்க்கப் போன உடம்பு தன் இதய வால்வையே புண்ணாக்கியிருந்தது. அந்தக் காய்ச்சல் மறுபடி வந்தால் வால்வு இன்னும் கெடும். வராமல் தடுக்க இருபத்தொரு நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில்.

இந்த வருடம் முளைப்பாரி எடுக்க அவளும் காப்புக் கட்டினாள். இருபத்தொன்றாம் நாள் திருவிழாவின் நடுவில் வந்து விழுந்தது. முன்கூட்டியே போட்டுக்கொள்ளப் போனவளை, மருந்து இருப்பில்லை, புதன்கிழமை வா என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அவளுடைய அப்பா பெரியகருப்பன், ஊருக்கே முதல் காப்புக் கட்டிக்கொண்டவர். “நாலு நாள்தானம்மா. திருவிழா முடியட்டும், நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுப் பிள்ளையே எல்லை தாண்டுச்சுன்னா ஊரு என்னைச் சும்மா விடுமா?”

அத்தை ஒச்சம்மா, யாருமில்லாத நேரம் பார்த்து அவள் கையைப் பிடித்தார். “காப்பைக் கழட்டி அம்மன் காலடியில வச்சிட்டுப் போத்தா, குத்தமில்ல. முளைப்பாரி அடுத்த வருசம் எடுத்துக்கலாம்.”

“கழட்டவும் மாட்டேன், போகாம இருக்கவும் மாட்டேன்” என்றாள் அழகுமீனா.

பஸ் கோயில் வாசலில்தான் நிற்கும். புதன்கிழமை காலை, ஊரே பார்க்க, காப்புக் கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். கீழே நின்ற அப்பாவிடம் சொன்னாள்: “அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்ப்பா. என் நெஞ்சு கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி, இரண்டு நாளாகக் கஞ்சிகூட விழுங்க முடியாமல் அழுத மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். அவள் கையிலும் காப்பு இருந்தது.

ஊசி வலியில் நொண்டிக்கொண்டு திரும்பிய அழகுமீனா, முளைப்பாரி அன்று முதல் வரிசையில் போய் நின்றாள். பூசாரி “ஒதுங்கு” என்றார். அவள் ஒதுங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். ஊர்க் கட்டுப்பாட்டைக் காக்கப் பார்த்த அப்பாவா, யாருக்கும் சங்கடமில்லாமல் வழி சொன்ன அத்தையா, ஊர் பார்க்க மீறிய மகளா? இதில் யார் செய்தது சரி?

விடை: அத்தை என்றுதானே சொல்ல வந்தீர்கள்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அத்தை சொன்னபடி போயிருந்தாலும் அழகுமீனாவின் ஊசி தவறியிருக்காது. ஆனால் பாண்டீஸ்வரி பஸ் ஏறியிருக்க மாட்டாள். எல்லாத் தொண்டை வலியும் நெஞ்சுக்குப் போவதில்லை. எது போகும் என்று கஷாயத்துக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு வந்தது அதே கிருமிதான் என்று கண்டுபிடித்த டாக்டர் அன்றே மருந்தைத் தொடங்கினார். ஆகவே மகள் செய்ததே சரி. மூன்று வருடம் முன்பு யாராவது ஒருவர் காப்போடு அந்த பஸ்ஸில் ஏறிக் காட்டியிருந்தால், அழகுமீனாவுக்கு இந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது.