எண்ணெய் அத்தை வைத்த பந்தி

ஒரு தலைமேலே எத்தனை குடும்பம் குடியிருக்கும்னு எப்பவாவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா?

பால்வாடி டீச்சர் மரகதவல்லியின் தலையில் லட்சம் குடும்பம் இருந்தது. வகிட்டோரத்துக் குழி ஒன்றில் இன்னும் வெளியே எட்டிப் பார்க்காத ஒரு குட்டிமுடி இருந்தது. ஒரு தடவையாவது வெயிலைப் பார்த்துவிட வேண்டும், அதுதான் அதன் ஆசை. ஆனால் குழி வாசலை அடைத்துக்கொண்டு பொடுகு பாய் விரித்துப் படுத்திருந்தது.

"கொஞ்சம் நகருங்க மாமா," என்றது குட்டிமுடி.

"நகர்றதா? இப்பதான் ரெண்டாம் பந்தி முடிஞ்சுது. வயிறு கிண்ணுனு இருக்கு, போ."

பந்தி வைத்தது எண்ணெய் அத்தை. தோளில் வெள்ளையாக நாலு உதிர்ந்தால் போதும், "ஐயோ, தலை காய்ஞ்சு கிடக்கே!" என்று டீச்சர் அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயை உச்சியில் கவிழ்த்துவிடுவார். அத்தை வழிந்துகொண்டே வந்து எல்லார் வாசலிலும் உட்காருவாள்.

"பாவம், எப்படி வெளுத்துப் போயிருக்கான் பாரு!" என்று பொடுகுக்குத்தான் முதல் கவளம் ஊட்டுவாள். பொடுகு தின்றது, பெருத்தது, பிள்ளைகள் பெற்றது. பிள்ளைகளுக்கு அத்தையே பெயரும் வைத்தாள்.

நடுவில் சீப்பு ஒருவன். "நான் பெருக்கறேன்" என்று வருவான். இந்தத் தெருக் குப்பையை அந்தத் தெருவில் தள்ளிவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு போவான்.

ஒரு நாள் டீச்சர் குனிந்து கோலிக்குண்டு பொறுக்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், மாவு சலிக்கறீங்களா?"

அன்று சாயங்காலமே மருந்துக்கடை ஷாம்பூ வந்துவிட்டான். நுரை வந்ததும் டீச்சர் அவசரமாகத் தண்ணீரை ஊற்றி அவனை அனுப்பிவிட்டார்.

பொடுகு விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன தம்பி, செருப்பைக் கழட்டறதுக்குள்ள கிளப்பிட்டாங்களா?"

அடுத்த முறை டீச்சர் சீசாவின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் நுரையோடு முக்காலியில் உட்கார்ந்தார். ஷாம்பூ வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான். பொடுகோ, அத்தையின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது.

"அத்தே!" குழிக்குள்ளிருந்து குட்டிமுடி கத்தியது. "யாருக்குச் சோறு போடறீங்கன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. எனக்கு மூச்சு முட்டுது!"

அத்தை திரும்பிப் பார்த்தாள். கவளம் கையிலேயே நின்றது. பொடுகு வாயைப் பிளந்துகொண்டு, "அத்தே, ஊட்டு," என்றது. அதன் விலாவுக்குப் பின்னால், வாசல் இடுக்கில், எறும்பின் கால் அளவுக்கு ஒரு கறுப்பு நுனி துடித்துக்கொண்டிருந்தது.

அத்தைக்கு யாரையும் விரட்டிப் பழக்கமில்லை. ஷாம்பூவின் கையை மெதுவாகப் பிடித்தாள்.

"தம்பி, இவனை மட்டும் அனுப்பினா நானே திரும்பக் கூப்பிட்டுச் சோறு போட்டுருவேன். என்னையும் கூட்டிட்டுப் போயிடுப்பா."