ஆளில்லாத வராந்தா

மலைமேல் தொலைநோக்கியோடு இருபது வருஷம் நட்சத்திரங்களைப் படம்பிடித்துவிட்டு, ஐம்பது வயதில் ஸ்கேன் படிக்கக் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தவர் குலசேகரன். சொல்லிக்கொடுப்பவர் டாக்டர் நஸீமா, அவரைவிடப் பத்து வயது இளையவர். நஸீமாவைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. குலசேகரன் கெட்டிக்காரர்தான். தொல்லையே அதுதான்.

அன்று காலை ஒரு நெஞ்சு ஸ்கேனைத் தான் எழுதிய புரோகிராமில் போட்டுச் சுத்தம் செய்து கொண்டுவந்தார்.

"பாருங்க மேடம், பளிச்சுனு இருக்கு. லாரி டிரைவர், இருளப்பன்னு பேரு. மூணு மாசமா இருமலாம். ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பிடலாமா?"

நஸீமா அசல் படங்களைத் திறந்தார். ஒன்றில், நுரையீரலின் ஓரமாக, பயறு அளவில் ஒரு புள்ளி இருந்தது.

"இது எங்க சார் போச்சு?"

"அதுவா? ஒரே ஒரு படத்துலதான் இருக்கு மேடம். முன்னாடி படத்துலயும் இல்ல, அடுத்ததுலயும் இல்ல. வானத்தைப் பத்துத் தடவை எடுப்போம். ஒண்ணுல மட்டும் வந்தா அது நட்சத்திரமில்ல, குப்பை. தூக்கிடுவோம்."

"ஐயோ சார்! நீங்க ஒரே இடத்தைப் பத்துத் தடவை எடுத்தீங்க. நாங்க உடம்பை வெள்ளரிக்காய் மாதிரி வில்லை வில்லையா எடுக்கிறோம், ஒவ்வொரு படமும் வேற இடம். நேத்துதானே தொண்டை கிழியக் கத்தினேன்?"

"சரி மேடம். அப்போ எது குப்பை, எது நோய்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

நஸீமா தலையில் அடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. மூலையில் இருந்த குலசேகரனின் கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்து அவர் கையில் திணித்தார்.

"வெளிய வராந்தாவைப் பத்துப் படம் எடுங்க. பத்தையும் ஒண்ணாச் சேர்த்து, உங்க முறையிலயே சுத்தம் பண்ணிக் கொண்டுவாங்க."

நஸீமா ஊற்றிக்கொண்ட டீ ஆறுவதற்குள் குலசேகரன் திரும்பிவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அருமையா வந்திருக்கு மேடம்!"

வந்துதான் இருந்தது. கழுவிவிட்டதுபோல் தரை, தண்ணீர் டிரம், சுவரில் காலண்டர். பெஞ்சில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்.

"இருளப்பன் வெளியதானே இருக்கார்?"

"ஆமா மேடம். உட்கார்ந்தா இருமல் அதிகமாகுதாம். அங்கேயும் இங்கேயும் நடந்துக்கிட்டே இருந்தாரு."

"படத்துல எங்க?"

குலசேகரன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஒவ்வொரு படத்துலயும் வேற வேற இடத்துல நின்னிருப்பாரு மேடம். அதனால எந்த இடத்துலயும் ஒரு தடவைக்கு மேல..."

கதவுக்கு வெளியே யாரோ விடாமல் இருமினார்கள்.

"உங்க குப்பை இருமுது சார். போய்க் கூட்டிட்டு வாங்க."