ஒரு வாரமும் தவறாதவர்

எட்வின் ஐயருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மனிதரை இயேசுவின் சீஷராக்குவது எப்படி என்பதல்ல. ஒருவர் சீஷராகிவிட்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான்.

ஊழியத்துக்கு வருமுன் அவர் ஒரு மருந்து கம்பெனியில் விற்பனையாளர்களுக்குப் பத்து ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவர். நாற்பத்தைந்தாம் வயதில் சாலைவிளை சேகரத்து ஆலயத்துக்கு உதவி குருவாக வந்தார். அங்கே தலைமைக் குருவானவர் ஞானாபரணம் அம்மா. எட்வினைவிட நான்கு வயதுதான் மூத்தவர். ஆனாலும் அவரிடம் ஊழியம் கற்றுக்கொள்ளத்தான் எட்வினை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

"அம்மா, ஒருத்தர் சீஷராயிட்டார்னு எதை வச்சுச் சொல்றது?"

"நீங்க எதை வச்சுச் சொல்வீங்க?"

எட்வின் அதற்காக ஒரு பயிற்சியே எழுதி வைத்திருந்தார். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பாடம். பாடத்துக்கு ஒரு கேள்வித்தாள். பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் குழு அதைப் படித்துவிட்டு, முதலில் ஒரு சபையில் நடத்திப் பார்க்கச் சொல்லியிருந்தது. நன்றாக வந்தால் நாற்பது சபைகளுக்குக் கொண்டுபோகலாம்.

"நடத்திப் பாருங்க," என்றார் அம்மா.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஓய்வுநாள் பள்ளி அறையில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். எட்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

"இது ஒரு சோதனை முயற்சி. ஒரு ஆள் ஒரு வாரம் வராட்டாக்கூட முடிவு சரியா வராது. தயவுசெஞ்சு யாரும் நின்னுடாதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாம் வாரம் இரண்டு பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வாரம் ஒருவருக்குக் காய்ச்சல். நான்காம் வாரம் ஏழு பேர்தான் இருந்தார்கள். எட்வின் அன்று பாடத்தை முடித்துவிட்டு நாற்காலிகளைத் தானே அடுக்கினார். வந்திருந்தவர்களில் ஆசீர்வாதம் என்பவர் மட்டும் நின்று, கடைசி நாற்காலி வரை தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆசீர்வாதம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சபைக்குப் புதியவர். உப்பளத்துக்கு அப்பால் புதிதாக வந்த காலனியில் குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார்.

ஆறாம் வாரம் ஞானாபரணம் அம்மா சொன்னார்: "ஆசீர்வாதம் வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க."

"இப்ப வேண்டாம் அம்மா. பன்னிரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்தணும். ஒருத்தர் வீட்டுக்கு மட்டும் போனா முடிவு ஒரு பக்கமாச் சாஞ்சிரும்."



ஏழாம் வாரப் பாடம், பிறர் சுமையைத் தாங்குதல். கேள்வித்தாளின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இந்த வாரம் நீங்கள் யாருடைய சுமையைத் தாங்கினீர்கள், எப்படி? சிலர் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். ஆசீர்வாதம் இரண்டே சொல் எழுதியிருந்தார். 'வகுப்புக்கு வந்தேன்.' அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து எட்வின் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. ஒரு வாரமும் தவறாமல் வந்தவர் ஆசீர்வாதம் ஒருவர்தான். மதிப்பெண் சுமார். ஆனாலும் குழுவின் முன் நிறுத்த அவரை விட்டால் ஆள் இல்லை.

"திங்கட்கிழமை குழு கூடுறப்ப அவரைச் சாட்சி சொல்லச் சொல்லலாம்னு இருக்கேன் அம்மா."

"சொல்லச் சொல்லுங்க. அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்க."

எட்வின் சனிக்கிழமை காலை போனார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மாள் உட்கார்ந்து, அவளுக்குக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"ஆசீர்வாதம் அண்ணன் மருந்து வாங்கப் போயிருக்காவ. உக்காருங்க சார். நீங்கதான் படிச்சுக் குடுக்கிற ஐயரா?"

"ஆமா. இவங்களுக்கு என்ன?"

"வாதம். வலக்கை, வலக்கால் ரெண்டும் விழுந்துட்டு. ரெண்டு மாசம் ஆச்சு. நான் பக்கத்து வீடு. சனிக்கிழமை ஆனா சாயங்காலம் வந்து உக்காந்துக்கிடுவேன். அண்ணன் உங்க கிளாஸுக்குப் போவணும்லா."

எட்வின் கணக்குப் போட்டார். ரெண்டு மாசம் என்றால் ஐந்தாம் வாரம்.

"அங்க என்ன சார் படிச்சுக் குடுக்கீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எட்வின் அவள் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தார்.

ஆசீர்வாதம் வந்தார். ஐயரைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார் எட்வின். "வீட்ல இப்படி இருக்கும்போது கிளாஸுக்கு ஏன் வந்தீங்க? நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

ஆசீர்வாதம் மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மொத நாள் சொன்னீங்கள்லா ஐயா, ஒரு ஆள் வரலைன்னாலும் சரியா வராதுன்னு. மத்தவங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாவ. நீங்க தனியா நாக்காலி அடுக்கிக்கிட்டு நின்னதைப் பாத்தேன். இவகிட்டதான் சொன்னேன். போயிட்டு வாங்கன்னுட்டா. பேச்சு தெளிவா வராது. ஆனா இவ சொல்றது எனக்கு விளங்கும்."

கட்டிலில் இருந்தவள் இடக்கையை லேசாகத் தூக்கிக் கும்பிடப் பார்த்தாள். ஒரு கைதான் எழும்பியது.

எட்வின் அவள் அருகில் முழங்கால் போட்டார். அந்த இடக்கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். சாட்சி சொல்ல வரும்படி அவர் கூப்பிடவே இல்லை.

திரும்பியதும் கேள்வித்தாள் கட்டை எடுத்து, ஏழாம் வாரத்துத் தாளைத் தேடினார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்த இரண்டு சொல்லும் தெளிவாகத்தான் இருந்தன.

தாளோடு ஞானாபரணம் அம்மாவிடம் போனார். அம்மா ஞாயிறு ஆராதனைக்கான பாட்டுகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தெரியும். புதன்கிழமை புதன்கிழமை போய் ஜெபம் பண்ணிட்டு வர்றேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"போயிட்டு வாங்கன்னு சொன்னேன்."

எட்வின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இந்தப் பயிற்சி தோத்துப்போச்சா அம்மா?"

"அறிக்கையைக் கொண்டாங்க, பாப்போம்."

குழுவுக்கான அறிக்கைப் படிவத்தை எட்வின் கொடுத்தார். அம்மா முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். எதையும் திருத்தவில்லை. கடைசிப் பக்கத்தில், கற்றதை நடப்பில் காட்டியவர் பெயர் என்று ஒரு வரி இருந்தது. அதை எட்வின் நிரப்பாமல் விட்டிருந்தார்.

"இதுல ஆசீர்வாதம் பேரை எழுதிரலாமா அம்மா?"

"எழுதுங்க."

எட்வின் எழுதினார். அம்மா தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். வரியில் இன்னும் இடம் இருந்தது. பேனாவுக்காகக் கையை நீட்டினார். எட்வின் கொடுத்தார்.

"அந்தப் பக்கத்து வீட்டம்மா பேரு என்ன?"

எட்வின் அவளிடம் பெயரைக் கேட்டிருக்கவே இல்லை. கேட்டுவர மறுபடியும் அந்தக் காலனிக்குக் கிளம்பினார்.